குதிகாலைக் காற்றில் மிதக்கவிட்ட நாட்கள்

வலது குதிகாலின் பின்பக்கம், ஷூவின் விளிம்பு உரசும் இடத்தில், சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மேடு இருந்தது. தொட்டால் கல் மாதிரி இருக்கும். மூன்று வருடம் அதோடு நடந்தேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது பின்னாலிருந்து யாரோ ஆணியை இறக்குவதுபோல் இருக்கும். பத்துப் பதினைந்து அடி நடந்தால் கொஞ்சம் இளகும். சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொள்ளும். குதிகால் எலும்பில் வளர்ந்த முள் அது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் அதை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள்.

அதற்கு முன் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் விசாரித்தேன். ஆபரேஷன் எவ்வளவு நேரம், மயக்க மருந்து எப்படிக் கொடுப்பார்கள், தழும்பு எவ்வளவு பெரிதாக இருக்கும், இதெல்லாம்தான் என் கேள்விகள். வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகும் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. "முள்ளை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆபரேஷன் ஒரு மணி நேரம்தான். வீட்டில் கிடந்ததும் நடக்கப் பழகியதும்தான் இந்த ஒன்பது மாதமும். அதனால் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குதிகால் முள் என்று பொதுவாகச் சொல்வது அடிப்பாதத்தில் வளர்வதை. அடிக்குதிகாலில் வலி என்று எக்ஸ்ரே எடுத்தால் முள் தெரியும், எல்லோரும் அந்த முள்ளின் மேல் பழியைப் போடுவோம். ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அதே முள் இருக்கிறது. அங்கே வலிப்பது பெரும்பாலும் முள் இல்லை, பாதத்தின் அடியில் ஓடும் தடித்த திசுப்பட்டை. அதற்கு ஆபரேஷன் வரை போக வேண்டிய தேவை அபூர்வம். எனக்கு இருந்தது வேறு. குதிகாலின் பின்பக்கத்தில், கெண்டைச் சதையிலிருந்து இறங்கி வரும் அக்கிலிஸ் தசைநாண் எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில் வளர்ந்த முள். அங்கே தசைநாணும் நைந்துபோயிருந்தது. குதிகாலை உயர்த்தும் பட்டை, உடற்பயிற்சி, அதிர்வலைச் சிகிச்சை என்று ஆறு மாதத்துக்கு மேல் எல்லாம் செய்து பார்த்த பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேசினார்கள். அது சரியான வரிசை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், பின்பக்க முள்ளைத் தொட வேண்டுமானால் தசைநாணைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை நடுவில் பிளந்து, எலும்பிலிருந்து பெயர்த்து விலக்கி, நைந்த பகுதியை வெட்டியெடுத்து, முள்ளைச் செதுக்கி, பிறகு எலும்பில் சிறு முளைகளை இறக்கி, அந்த முளைகளில் கோத்த நூலால் தசைநாணை மறுபடி இழுத்துக் கட்டுகிறார்கள். எலும்பைச் செதுக்குவது அதில் சின்ன வேலை. தசைநாண் மறுபடி எலும்போடு எலும்பாக ஒட்டுவதுதான் பெரிய வேலை, அதை டாக்டர் செய்ய முடியாது. உடம்பிலேயே தடிமனான, வலுவான தசைநாண் அது. ஆனால் அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. குறைவான இரத்த ஓட்டம் உள்ளது எதுவும் மெதுவாகத்தான் ஆறும். இந்த ஒரு விஷயத்தை முன்பே புரிந்துகொண்டிருந்தால் முதல் இரண்டு மாதம் நான் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வலியே இல்லை. முழங்காலுக்குப் பின்னால் நரம்பை மரக்கவைக்கும் ஊசி போட்டிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை, வேறு யாருடைய காலையோ என் உடம்போடு கட்டிவிட்டதுபோல் கனமாகக் கிடந்தது. இவ்வளவுதானா என்று நினைத்து, கொடுத்திருந்த வலி மாத்திரையைப் போடாமல் தூங்கிவிட்டேன். நடுராத்திரி இரண்டு மணிக்கு ஊசியின் பலம் விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக வலி வரும் என்று எதிர்பார்ப்போம் இல்லையா, அப்படி வரவில்லை. தூக்கத்திலிருந்து தூக்கிப் போட்டதுபோல் எழுந்தேன். கட்டுக்குள் குதிகால் விண்விண் என்று தெறித்தது. மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரம் என் கணவரின் கையைப் பிடித்தபடி இருந்தேன். இந்த ஊசியின் பலம் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை நிற்கும். அது விடுவதற்கு முன்பே, வலி இல்லாதபோதே, மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்திருந்தால், எந்த நேரத்தில் முதல் மாத்திரை போட வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலுவான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஊன்றுகோலோடு கழிவறைக்குப் போவதே பெரும் பாடு, அங்கே போய் அவதிப்படவும் வேண்டியிருந்தது.

அப்புறம் தலையணை. இது சின்ன விஷயம்போல் தெரியும், எனக்கு இரண்டு வாரமும் இதுவேதான் உலகம். காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எதிரே முக்காலியில் காலை வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன், அது போதாது. படுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மல்லாந்து படுத்தால் காலின் பாரம் எதன் மேல் கிடக்கிறது? குதிகால் மேல். தையலோ குதிகாலின் பின்பக்கத்தில். தலையணையைப் பாதத்துக்கு அடியில் வைத்தால் மொத்தப் பாரமும் தையல் மேல் விழுகிறது. முதல் நாள் அப்படித்தான் வைத்தோம், எரிச்சல் தாங்கவில்லை. பிறகு என் மகள்தான் கண்டுபிடித்தாள். மூன்று தலையணைகளைப் படிக்கட்டுபோல் அடுக்கி, கெண்டைச் சதை முழுவதும் அவற்றின் மேல் படும்படி வைத்து, குதிகாலை மட்டும் தலையணையின் விளிம்புக்கு வெளியே விட்டாள். குதிகால் எதையும் தொடாமல் காற்றில் மிதந்தது. எரிச்சல் அந்த நிமிடமே பாதியாகக் குறைந்தது. தூக்கத்தில் கால் நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் போர்வையைச் சுருட்டி அண்டை கொடுத்தாள்.

இன்னொரு கால் பாவம், அதை யாரும் நினைப்பதில்லை. படுக்கையில் மேலே ஏறி உட்காரும்போதெல்லாம் நல்ல காலின் குதிகாலை ஊன்றித்தான் உந்துகிறோம். ஐந்தாம் நாள் பார்த்தால் இடது குதிகால் சிவந்து தோல் கன்றிப்போயிருந்தது. அதற்குப் பிறகு கையை ஊன்றி நகரப் பழகினேன்.

காலைக் கீழே தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். விரல்கள் மட்டும்தான் கட்டுக்கு வெளியே தெரியும். எழுந்து நின்ற அரை நிமிடத்தில் அவை சிவந்து, ஒரு நிமிடத்தில் ஊதா நிறமாகிவிடும். உள்ளே கட்டு இறுகி இரத்தம் திமுதிமுவென்று இறங்குவது தெரியும். நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கி விரிந்துதான் காலின் இரத்தத்தை மேலே இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. அந்தச் சதையைக் கட்டுப்போட்டு முடக்கிவிட்டால் இறங்கிய இரத்தம் லேசில் ஏறாது. "காலைத் தொங்கப் போடாதம்மா, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?" என்று மகள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது சரிதான்.

அதே காரணத்தால்தான் காலில் இரத்தக் கட்டி உண்டாகும் ஆபத்தும் இருக்கிறது. எனக்கு வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி கொடுத்திருந்தார்கள், கணவர் தினமும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டார். கெண்டைக்கால் புதிதாக வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் வந்தாலும், காயத்தில் சீழ் அல்லது நாற்றம் வந்தாலும் அப்படியே. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாதவை இவை.

ஊன்றுகோல் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். கக்கத்தில் வைத்துத் தொங்குவதற்கு இல்லை அது. அங்கே நரம்புகள் ஓடுகின்றன, பாரம் போட்டால் கை மரத்துப்போகும். பாரம் உள்ளங்கையில்தான் விழ வேண்டும், கக்கத்துக்கும் ஊன்றுகோலின் மேல்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோலும் நோவுள்ள காலும் முதலில். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே, இரண்டு காலும் நன்றாக இருக்கும்போதே வீட்டில் பழகிப் பார்த்திருக்க வேண்டும். நான் மயக்கம் தெளிந்து வாந்தி வரும் நிலையில் பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டேன்.

இரண்டு கையும் ஊன்றுகோலில் இருந்தால் ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட இந்த அறையிலிருந்து அந்த அறைக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டில் எல்லோரும் வெளியே போன ஒரு பகலில்தான் இது எனக்கு உறைத்தது. சமையலறையில் நின்று தண்ணீரை ஊற்றிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேயே ஒற்றைக் காலில் நின்று குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் முதல் தோளில் மாட்டும் துணிப்பை ஒன்று எப்போதும் கழுத்தில் கிடந்தது. மூடி போட்ட பாட்டில், போன், மாத்திரை, கண்ணாடி எல்லாம் அதில்தான்.

உதவி கேட்பது எனக்கு வராத ஒன்று. இருபத்தைந்து வருடமாக வீட்டில் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவள். குளியலறையில் ஸ்டூல் போட்டு, கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டி, காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார வைத்து, மகள் என் தலையில் தண்ணீர் ஊற்றிய முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, தலையைத் துவட்டினாள். அவள் ஐந்து வயதாக இருந்தபோது நான் எப்படித் துவட்டுவேனோ அதே மாதிரி, காதுக்குப் பின்னால் விரலை விட்டு.

பதினாறாம் நாள் தையல் பிரித்தார்கள். கட்டை வெட்டியபோது உள்ளே இருந்த காலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. கெண்டைச் சதை இருந்த இடத்தில் தொளதொளவென்று ஒரு பை. இரண்டே வாரத்தில் அவ்வளவு கரைந்திருந்தது. குதிகாலுக்கு மேலே ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கருத்த கோடு. மேடு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பாதத்தின் வெளிப்பக்க ஓரத்தில் டாக்டர் தொட்டபோது துணிக்கு மேல் தொடுவதுபோல் இருந்தது. அந்த வழியாக ஓடும் தோல் நரம்பு சீண்டப்பட்டால் அப்படி மரத்துப்போகுமாம். மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக உணர்ச்சி திரும்பிவருகிறது. இன்னும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மரத்தேதான் இருக்கிறது.

அன்று பெரிய பூட் ஒன்றை மாட்டிவிட்டார்கள். முழங்கால் வரை வரும், உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்பு வடிவத்தில் மூன்று பட்டைகள். பாதத்தைக் கீழ்நோக்கியே வைத்துத் தசைநாணுக்கு இழுவை கொடுக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. சில வாரங்களுக்கு ஒரு முறை ஒரு பட்டையை எடுக்க வேண்டும். எனக்கு நான்காம் வாரத்தில் கொஞ்சமாக ஊன்ற அனுமதி கிடைத்தது, பத்தாம் வாரத்தில் பூட்டைக் கழற்றினேன். இந்தக் கணக்கு டாக்டருக்கு டாக்டர் மாறும், எவ்வளவு தசைநாணைப் பெயர்த்தார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரத்தில் நடந்துவிட்டார் என்பதை வைத்து நம் காலை ஊன்றக் கூடாது. பூட் போட்ட கால் மற்றக் காலைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரமாகிவிடும் என்பதும் எனக்கு இடுப்பு வலி வந்த பிறகுதான் தெரிந்தது. மற்றக் காலில் தடித்த அடி உள்ள ஷூவைப் போட்டதும் இடுப்பு வலி இரண்டு நாளில் போனது.

மூன்றாவது வாரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ராத்திரி கழிவறைக்குப் போக எழுந்தேன், விளக்கைப் போடவில்லை, பூட்டையும் சரியாக மாட்டவில்லை. ஊன்றுகோலின் நுனி ஈரத்தில் வழுக்கியது. விழாமல் இருக்க வலது காலை ஊன்றிவிட்டேன், முழு எடையோடு. பளிச்சென்று ஒரு வலி. கட்டிய நூல் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். விடியும் வரை இருட்டில் உட்கார்ந்து, மூன்று வார அவஸ்தையையும் மறுபடி முதலிலிருந்து பட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் மேசைக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைச் சதையைக் கையால் பிடித்து அமுக்கினார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. நான் அதைப் பார்க்க முடியாது. மகள்தான் பார்த்துவிட்டு, "அசையுதும்மா" என்றாள். தசைநாண் அறுந்திருந்தால் சதையை அமுக்கும்போது பாதம் அசையாது. அன்றிலிருந்து ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிந்தது, தரையிலிருந்த மிதியடிகளையெல்லாம் சுருட்டி மேலே போட்டோம்.

பிசியோதெரபி ஆரம்பித்த பிறகுதான் எனக்குத் தெம்பு வந்தது. அதற்கு முன்பெல்லாம் காலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று காவல் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதற்கு வேலை கொடுக்க வேண்டும். எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று 1892-இல் யூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதினார். தசைநாணும் அப்படித்தான், அளவோடு இழுத்தால்தான் அதன் நார்கள் இழுக்கும் திசையில் வரிசையாக அமைந்து வலுப்பெறும். அதிகமாக இழுத்தால் புண்ணாகும், இழுக்காமலே வைத்திருந்தால் வலுவே வராது. அளவு எது என்பதுதான் கேள்வி. எனக்குப் பயிற்சி கொடுத்த பெண் ஒரு வழி சொன்னாள்: "செய்யும்போது கொஞ்சம் வலிச்சா பரவாயில்லைங்க. நாளைக்குக் காலையில எழுந்திருக்கும்போது இன்னிக்குக் காலையைவிட மோசமா இருக்கக் கூடாது. இருந்தா, நேத்து செஞ்சது அதிகம்னு அர்த்தம்." இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் ஆறு மாதமாகப் பயிற்சி செய்கிறேன். ஒரு நோட்டில் தினமும் காலையில் முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதுகிறேன். ஒரு நாள் 4, மறுநாள் 3, திடீரென்று 6, பிறகு மறுபடி 3. ஒரு வாரத்தைப் பார்த்தால் முன்னேற்றமே தெரியாது, நோட்டைப் பின்னால் புரட்டி மாதத்தை மாதத்தோடு பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சிகள் ரொம்ப எளிமையானவை. முதலில் பாதத்தைக் கீழே அழுத்துவது, பிறகு ரப்பர் பட்டையை மாட்டி அழுத்துவது, மூன்றாம் மாத வாக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி நுனிக்காலில் நிற்பது. பாதத்தை மேல்நோக்கி வளைத்து இழுத்து நீட்டும் பயிற்சியை மட்டும் அவர்கள் சொல்லும் வரை தொடக் கூடாது. கட்டிய இடம் தளர்ந்துவிடும். நடையையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. மூன்று வருடம் வலிக்குப் பயந்து பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்தே நடந்திருக்கிறேன். முள் போன பிறகும் கால் அந்த வழக்கத்தை விடவில்லை. கூடத்தில் தரைக் கோட்டின் மேல் மெதுவாக, குதிகால், நடுப்பாதம், பெருவிரல் என்று உருட்டி வைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி நடந்தேன்.

வீக்கம் இன்னும் சாயங்காலத்தில் வருகிறது. மழமழவென்று இருக்கும் கணுக்கால் மாலை ஆறு மணிக்குக் குழி தெரியாமல் நிரம்பிவிடும். இது ஒரு வருடம் வரை இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அதனால் இப்போது அதைப் பார்த்துப் பதறுவதில்லை, படுத்து, தலையணையில் காலைத் தூக்கி வைத்துவிடுகிறேன். குதிகால் பழைய வழக்கத்தில் தானாகவே விளிம்புக்கு வெளியே போய் நிற்கிறது.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள், வலது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். அதுவரை உடம்பு மேலே போகாது, மூளை உத்தரவு போட்டாலும் கால் கேட்காது. அன்று ஒரு விரல் அளவு எழும்பியது. மகளைக் கூப்பிட்டேன். தரையில் உட்கார்ந்து குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் தன் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்த்து, "நுழையுதும்மா, இன்னொரு தடவை தூக்கு" என்றாள். தூக்கினேன்.

போன வாரம் இரண்டு கெண்டைக்காலையும் நாடாவால் அளந்தார்கள். வலது கால் சுற்றளவில் இன்னும் 2 சென்டிமீட்டர் குறைவு. அது முழுதாகத் திரும்பாமலும் போகலாமாம், ஆனால் வலு திரும்பும் என்கிறார்கள். ராத்திரி படுக்கும் முன் ஒற்றைக் காலில் மூன்று முறைக்கு எட்டு எட்டாகச் செய்கிறேன். நாளைக்குக் காலை முதல் அடி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்பதாக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.